ஒரு கேள்வி தூரம்

பன்னெண்டரைக்குத்தான் விடுவாங்க அண்ணாச்சி. முன்னாடியே எழுதி முடிச்சாலும் வெளிய அனுப்ப மாட்டாங்க. இங்கன வந்து உக்காருங்க, நீங்க நிக்கிற இடத்துல இன்னும் பத்து நிமிஷத்துல வெயில் வந்திரும். ஞாயித்துக்கிழமை பேங்க் லீவுல்லா, இந்தப் படியில எவ்வளவு நேரம் உக்காந்தாலும் யாரும் எழுப்ப மாட்டாங்க. எனக்கு இந்தப் பள்ளிக்கூடத்து வாசல் நல்ல பழக்கம்.

மகளா எழுதுது? மொத தடவையா. நல்லது, நல்லது. பி.காமா. குரூப் டூவுக்கு எந்த டிகிரியும் போதும். நல்லாப் படிக்கிற பிள்ளைன்னா வந்திரும்.

என்னது, ஓசூர்ப் பக்கம் கம்பெனியில வேலை வந்திருக்கா? ஹாஸ்டலோடவா? எப்ப சேரணும்? அடுத்த மாசம்.

அனுப்பாதீங்க அண்ணாச்சி. கேட்டதுக்காகச் சொல்லுதேன், அனுப்பாதீங்க. கையில ஒரு வேலை வந்துட்டா புத்தி அந்தப் பக்கம் போயிரும். சம்பளம் வாங்கிப் பழகின பிள்ளை மறுபடி புஸ்தகத்தை எடுக்குமா? எடுக்காது. வீட்லயே வச்சுப் படிக்க வைங்க. இந்தத் தடவை வராட்டி அடுத்த தடவை. அதுக்கும் வராட்டி அதுக்கடுத்த தடவை. நம்ம ஆளுகளுக்கு வயசு வரம்பு கெடையாது, அதை மறந்துராதீங்க. எத்தனை வருஷம் வேணும்னாலும் எழுதலாம். எனக்கு இதுல பதிமூணு வருஷ அனுபவம்.

என் பேரு கோமதிநாயகம். சங்கரன்கோவில். அப்பா தறி ஓட்டினாக. சொந்தத் தறி இல்ல, பவர்லூம் கூடத்துல சம்பளத்துக்கு. எங்க வீட்ல மொத மொத டிகிரி படிச்சவன் நான். பி.எஸ்ஸி. கணக்கு. மொத தடவை எழுதும்போது எனக்கு இருபத்து மூணு வயசு. எந்தக் கோச்சிங்கும் போகல. பழைய சமச்சீர்ப் புஸ்தகமும் ஒரு கைடும்தான். எத்தனை கேள்வியில போச்சுன்னு நினைக்கீங்க?

ஒண்ணு. ஒரே ஒரு கேள்வி. ஒரு கேள்விக்கு ஒண்ணரை மார்க்கு. அந்த ஒண்ணரை மார்க்குலதான் போச்சு.

எந்தக் கேள்வின்னுகூடத் தெரியும். சொத்துரிமையை அடிப்படை உரிமையிலேர்ந்து நீக்கின திருத்தம் எதுன்னு கேட்டிருந்தாங்க. நாப்பத்து நாலாவது. எனக்கு நல்லாத் தெரியும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா பேனாவை வைக்கப் போற நேரத்துல மனசுக்குள்ள ஒரு குழப்பம், நாப்பத்து ரெண்டுன்னு கறுப்பாக்கிட்டேன். ஓ.எம்.ஆர். தாள்ல அழிக்க முடியாதுல்லா. அவ்வளவுதான்.

ஆனா பாருங்க, ஊருக்குள்ள எனக்கு அதுதான் மரியாதை. பாஸானவனுக்குக்கூட அப்படி ஒரு பேரு கெடையாது. எங்க தெருவுல, லைப்ரரியில, அப்பா வேலை பாத்த கூடத்துல, எல்லாருக்கும் தெரியும். ‘ஒரு கேள்வியில போன பையன்’. அப்பா பக்கத்துத் தறிக்காரர்ட்ட சொல்லுவாக, தறிச் சத்தத்துக்கு மேல கத்திச் சொல்லுவாக, “ஒரே ஒரு கேள்வி வேய், அடுத்த தடவை அவன் ஆபீசர்தாம்.” வாரவங்க போறவங்க எல்லாரும், “கோமதி, அடுத்த தடவை உறுதிய்யா.” எனக்கும் அப்படித்தான். ஏறி முடிச்சாச்சு, மேல் படியில கால் வைக்கணும், அவ்வளவுதான் பாக்கி.

ரெண்டாவது தடவை மூணு கேள்வி. அது தாள் கஷ்டம், எல்லாருக்கும் கொறைஞ்சது. மூணாவது தடவை ஒம்பது. அப்ப பாடத்திட்டத்தை மாத்திட்டாங்க, அதைக் கணக்குல எடுக்க முடியாது. அதுக்கப்புறம் அறிவிப்பே வராத வருஷம், கொரோனா வருஷம். பெறகு எழுதினதுல எத்தனைன்னு நான் பாக்கல. பாத்து என்ன ஆகப் போவுது? நான் எங்க நிக்கேன்னு எனக்குத் தெரியும்லா. ஒரு கேள்வி தூரத்துல நிக்கேன்.

லைப்ரரியில ஒரு தடவை கூட்டம் போட்டாங்க. பரமசிவன் சார்னு ஒருத்தர், எட்டு தடவை தோத்து ஒம்பதாவது தடவை பாஸாகி வருவாய்த்துறையில நல்ல பதவியில இருக்காக. ஜீப்புல வந்து இறங்கினாக. “விடாம இருந்தேன், அதுதான் ஒரே வித்தியாசம்”னு சொன்னாக. அன்னைக்கு அந்த ஹால்ல ஒரு நூத்தம்பது பேரு இருந்திருப்போம். அத்தனை பேரும் கை தட்டினோம். நான் அந்தப் பேச்சை நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அந்த நூத்தம்பது பேரு இப்ப என்ன செய்தாங்கன்னா கேக்கீங்க? தெரியல. நாலஞ்சு பேரு பாஸாயிட்டாங்க. மத்தவங்க எங்கெங்கயோ போயிட்டாங்க. போனவங்களைப் பத்தி யாரு பேசுதா? பரமசிவன் சாரு விட்டுட்டுப் போயிருந்தா அவுகளைப் பத்தியும் பேச்சு இருந்திருக்காது. அதைத்தான் சொல்ல வாரேன்.

நடுவுல எனக்கும் ஒரு வேலை வந்துச்சு, உங்க மகளுக்கு வந்த மாதிரி. விக்டர் சார்னு எங்க ஊர்ல ட்யூஷன் சென்டர் வச்சிருந்தாக. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நான் அங்க பத்தாவதுக்குக் கணக்கு எடுப்பேன், பஸ் செலவுக்கும் புஸ்தகத்துக்கும் ஆகட்டும்னு. எனக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்க வரும் அண்ணாச்சி. பிள்ளைக என்னை விட மாட்டாங்க. எட்டு மார்க்கு வாங்கின பிள்ளையை எழுபதுக்குக் கொண்டாந்திருக்கேன். அது பெரிய விஷயமில்ல. யாரு வேணும்னாலும் செய்யலாம்.

ஒரு நாள் விக்டர் சாரு கூப்பிட்டாக. “கோமதி, கடையநல்லூர்ல ஒரு மாடி பாத்திருக்கேன். ரெண்டாவது சென்டர் போடலாம்னு. நீ பாத்துக்கோ. பங்கு தாரேன். போர்டுல உம் பேரும் இருக்கட்டும்” அப்படின்னாக.

“சார், இன்னும் ஆறு மாசத்துல பரீட்சை. இந்தத் தடவை எனக்கு உறுதி.”

“பாஸானா விட்டுட்டுப் போயேன். யாரு பிடிச்சு வைக்கப் போறா?”

“அப்படி அரைகுறை மனசா ஒரு காரியத்தைச் செய்ய மாட்டேன் சார்.”

அவுக என்னையே பாத்தாக. “யோசிச்சுச் சொல்லு”ன்னாக. யோசிக்க என்ன இருக்கு? ட்யூஷன் வாத்தியார் ஆகறதுக்கா நான் அஞ்சு வருஷம் விழுந்து விழுந்து படிச்சேன்? அப்ப அஞ்சு வருஷம் ஆயிருந்துச்சு. அந்த அஞ்சு வருஷத்தைக் கொண்டுபோய்க் கடையநல்லூர் மாடியில கொட்டவா முடியும்? மாட்டேன்னுட்டேன். இப்ப அவுகளுக்கு நாலு சென்டர் இருக்கு. கடையநல்லூர் போர்டுல வேற யாரோ பேரு. நான் அந்தப் பக்கம் போறதில்ல. பஸ்ஸுல போனாலும் அந்த இடம் வந்ததும் இந்தப் பக்கம் திரும்பிக்கிடுவேன். ஏன்னா, வெயில்.

எங்க வீட்ல இன்னொரு ஆளு இருக்கா. தங்கச்சி. ஆவுடைச்செல்வி. என்னை விட ஏழு வயசு சின்னவ. அவளும் படிப்பா. பன்னெண்டாவதுல நல்ல மார்க்கு. நர்சிங் படிக்கணும்னா. அப்பா என் முகத்தைப் பாத்தாக. நான்தான் சொன்னேன், “அடுத்த வருஷம் நான் வேலைக்குப் போயிருவேன், அப்பச் சேக்கலாம். ஒரு வருஷந்தானே.” நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். ரெண்டு செலவை ஒண்ணா இழுக்க அப்பாவால முடியாதுல்லா. பெறகு அடுத்த வருஷம், பெறகு அடுத்த வருஷம். அவ தையல் மெஷின் போட்டுட்டா. நைட்டி தைச்சுக் குடுக்கிற வேலை. கட்டுக் கட்டா துணி வந்து எறங்கும், எங்க வீட்டுப் பின்னறை பூராம் துணி. அதைப் பத்தி அவ ஒரு வார்த்தை சொன்னதில்ல. பிடிச்சுத்தான் செஞ்சிருக்கா.

எனக்கு ஒரு பழக்கம், யாராவது கேள்வி கேட்டாத்தான் படிச்சது மனசுல நிக்கும். அதனால அவ தைக்கும்போது கைடை மெஷின் மேல விரிச்சு வச்சிருவேன். அவ ஒரு பக்கம் தைச்சுக்கிட்டே கேள்வியைப் படிப்பா, நான் நடந்துக்கிட்டே பதில் சொல்லுவேன். தெனமும் ரெண்டு மணி நேரம். எத்தனை வருஷம்? ஏழெட்டு வருஷம் இருக்கும். நான் சொல்லக் கொஞ்சம் தாமதமானா அவளே சொல்லிருவா. துணியிலேர்ந்து தலையைத் தூக்காமலே சொல்லுவா. எனக்கு எரிச்சலா வரும். “நீ கேள்வி மட்டும் கேளு செல்வி”ம்பேன். “சரிண்ணே”ம்பா. அப்புறம் பாத்தா, பதிலைச் சொல்லாம உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருப்பா.

மூணு வருஷத்துக்கு முன்னாடி குரூப் ஃபோர் அறிவிப்பு வந்துச்சு. பத்தாவது தகுதி. அம்மா சொன்னா, “எய்யா, அதையும் ஒண்ணு போட்டு வையேன்.” நான் சிரிச்சேன். “ஏம்மா, குரூப் டூல ஒரு கேள்வியில நிக்கிறவன் போயி கிளார்க்கு பரீட்சை எழுதவா? என் கூடப் படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?” செல்வி மெஷினை ஓட்டிக்கிட்டே இருந்தா.

அவ போட்டிருக்கா. எங்கிட்டச் சொல்லல. அம்மாவுக்கு மட்டும் தெரியும். பரீட்சைக்குப் போன அன்னைக்கு, துணி குடுக்கப் போறேன்னுட்டுத்தான் போனா.

ரிசல்ட்டு வந்த நாளைச் சொல்லணும். அந்த வருஷம் நான் எழுதின குரூப் டூ ரிசல்ட்டும் வராம இருந்துச்சு. இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு பேச்சு. அன்னைக்கு மத்தியானம் நான் வீட்டு முன்னறையில படுத்துக்கெடக்கேன். தெருவுல செருப்புச் சத்தம். அப்பா ஓடி வாராக. ஷிப்ட்டு பாதியில, சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கிட்டு. கையில மாலை. எங்க ஊர்ல பூ மார்க்கெட்டு பெருசு, தெரியும்லா. மல்லியும் ரோஜாவும் வச்சுக் கட்டின மாலை. அப்பாவுக்கு அந்தத் தறிச் சத்தத்துல காது மந்தமாகி ரொம்ப நாளாச்சு. பிரவுசிங் சென்டர்க்காரர் டீக்கடையில போய், “வேலாயுதம் வீட்ல பாஸாயிட்டாங்க”ன்னு சொல்லியிருக்காரு. டீக்கடைக்காரர் தறிக் கூடத்துல வந்து சொல்லியிருக்காரு. அப்பா காதுல ‘பாஸு’ மட்டும்தான் விழுந்திருக்கு.

“எய்யா”ன்னாக. அவ்வளவுதான் பேச்சு வந்துச்சு. மாலையை என் கழுத்துல போட்டுக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாக. தெருவே வாசல்ல நிக்குது. எதுத்த வீட்டு அக்கா சீனி கொண்டாந்து வாயில போட்டா. பக்கத்து வீட்டுக்காரரு கையைப் பிடிச்சுக் குலுக்கிக்கிட்டே இருக்காரு. எனக்குக் கண்ணுல தண்ணி. பத்து வருஷம் அண்ணாச்சி, பத்து வருஷம். நான் அந்த நாப்பத்து நாலாவது திருத்தத்தைத்தான் நினைச்சேன். போகட்டும், மன்னிச்சாச்சுன்னு நினைச்சேன்.

ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும். செல்வி வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தா. கையில நாலா மடிச்ச ஒரு தாள். என் கழுத்துல மாலையைப் பாத்தா, கூட்டத்தைப் பாத்தா. அப்படியே நின்னுட்டா. அந்தத் தாளைச் சேலைக்குள்ள மறைக்கப் போனா. அதையும் நான் பாத்தேன். அம்மாதான் பிடிச்சு வாங்கினா. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என் கையில குடுத்தா. “என்ன போட்டிருக்குன்னு பாருய்யா.”

நான்தான் படிச்சேன். எல்லாரும் கேக்கச் சத்தமாப் படிச்சேன். ஆவுடைச்செல்வி வே. பதிவெண், ரேங்க். நல்ல ரேங்க். அப்பாவுக்குக் கேக்கல. “என்ன, என்ன”ன்னு அம்மாவைக் கேக்காக. அம்மா காதுக்கிட்டப் போய், “நம்ம புள்ள பாஸாயிட்டா, நம்ம செல்வி”ங்கா. அப்பா என்னைப் பாக்காக, அவளைப் பாக்காக, என்னைப் பாக்காக. சிரிக்கவும் முடியல அவுகளால.

நான் மாலையைக் கழட்டி மெஷின் மேல வச்சேன். ஏன் அவ கழுத்துல போடலைன்னு அம்மா இன்னைக்கு வரைக்கும் கேப்பா. அது எனக்குன்னு வாங்கிட்டு வந்த மாலைல்லா. எனக்குப் போட்டதைக் கழட்டி அவளுக்குப் போட்டா அவளுக்கு மரியாதையா? நான் அவளுக்காகத்தான் அப்படிச் செஞ்சேன்.

அன்னைக்குச் சாயங்காலம் என் பக்கத்துல வந்து உக்காந்தா. “அண்ணே, எல்லாம் உன் புஸ்தகந்தான். உன் வாயில கேட்டதுதான்”ன்னா.

“தெரியும்”னேன்.

அவ நல்லாத்தான் எழுதியிருக்கா, இல்லங்கல. ஆனா பாருங்க, மொத தடவையிலே வந்ததுல்லா, அது அதிர்ஷ்டம். குரூப் ஃபோர் வேற, குரூப் டூ வேற. அதைப் புரிஞ்சுக்கிடணும்.

கவுன்சிலிங் சென்னையில. துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டா. எனக்கு அந்த வாரம் டெஸ்ட் பேட்ச், மாதிரிப் பரீட்சை வைப்பாங்க, விட முடியாது. அப்பா போனாக, சென்னைய அதுக்கு முன்னாடி பாத்திராத மனுசன். அங்க அவளுக்கு இந்தப் பக்கமே எடம் இருந்திருக்கு. அந்த ரேங்குக்குத் தென்காசி, திருநெல்வேலி எல்லாம் கெடைச்சிருக்கும். அவ எதை எடுத்தா தெரியுமா? நீலகிரி. கூடலூர்ல போஸ்டிங். இவ்வளவு தூரத்துல போயா எடுப்பாங்க? விவரம் பத்தல. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வீட்டோட இருந்துக்கிட்டு, எனக்குக் கேள்வியும் கேட்டுக்கிட்டு, நிம்மதியா வேலைக்குப் போயிட்டு வந்திருக்கலாம்.

ஒரு வருஷம் கழிச்சு அப்பாவையும் அம்மாவையும் அங்கயே கூட்டிக்கிட்டுப் போயிட்டா. அப்பாவுக்கு இனிமே தறி வேண்டாம்னு சொல்லிட்டா. அங்க இப்ப அவ தபால் வழியில டிகிரி படிச்சுக்கிட்டு இருக்கா, அடுத்த பதவிக்கான துறைத்தேர்வும் எழுதியாச்சாம். நான் இங்கதான் இருக்கேன். அந்தப் பின்னறை இப்பக் காலி. புஸ்தகம் பூராம் அங்க அடுக்கி வச்சிருக்கேன். கேள்வி கேக்கத்தான் ஆளில்ல. போன்ல பதிவு பண்ணி வச்சு நானே கேட்டு நானே பதில் சொல்லுதேன். அது அவ்வளவா மனசுல நிக்க மாட்டேங்குது.

அப்பா வாரம் ஒரு தடவை போன் பண்ணுவாக. “எய்யா, பரீட்சை எப்ப?”

“இருவத்தெட்டாந் தேதிப்பா.”

“என்னது?”

“இருவத்தெட்டு.”

“கேக்கலையே... செல்வி, என்ன சொல்லுதான்னு கேளு.” போன் அவ கைக்குப் போகும். அவளுக்குக் கேக்கும்லா. ஆனா தேதியைக் கேக்க மாட்டா. “சாப்பிட்டியாண்ணே”ம்பா. அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு நான் அங்க போயிருந்தேன். குளிரு தாங்கல. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும், பாத்திரத்தை ஒதுக்கிக்கிட்டே அவ சொன்னா. “அண்ணே, இங்க பத்தாவது பன்னெண்டாவது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்க ஆளே இல்ல. எங்க ஆபீஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. பக்கத்து வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு.”

நான் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன்.

“ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. இன்னைக்குத்தான் காலேஜ் முடிச்சு வெளிய வாரன்னு வச்சுக்கோ. இந்தப் பதிமூணு வருஷம் நடக்கலன்னு வச்சுக்கோ. இன்னைக்குப் புதுசா யோசிச்சா, இதைத்தான் தொடங்குவியா?”

“நான் புதுசா யோசிக்கிற ஆளு இல்லையே செல்வி. பதிமூணு வருஷம் உள்ள போயிருக்கு.”

“அதைக் கழிச்சுட்டு யோசிண்ணே.”

பாருங்க, கணக்குப் படிச்சவன்ட்ட வந்து கழிக்கச் சொல்லுதா. எப்படிக் கழிக்க? எங்கேர்ந்து கழிக்க? அதைக் கழிச்சா மிச்சம் என்ன இருக்கு? முப்பத்தாறு வயசு. தலை பாதி நரைச்சிருச்சு. கல்யாணம் ஆகல, வேலைன்னு ஒண்ணு வரட்டும்னு தள்ளித் தள்ளி அதுவும் போச்சு. அந்தப் பதிமூணு வருஷம்தான் என் கையில இருக்கிற ஒரே சொத்து. அதைப் போய் ஒருத்தன் கழிப்பானா?

அதை அவட்டச் சொல்லல. “குளிருது, படுக்கேன்”னுட்டேன். மறுநாள் மொத பஸ்ஸுல கெளம்பிட்டேன்.

இந்தத் தடவைக்கு விண்ணப்பம் போட்டுக் குடுத்ததும் அவதான். அவளா ஒண்ணும் செய்யல, நான்தான் ஆதார் நகலை அனுப்பினேன். ஹால் டிக்கெட்டை எடுத்து எனக்கு அனுப்பினா. கூட ஒரு வார்த்தை எழுதல.

ஆமா. இங்கதான் எனக்கும் சென்டர். இதே பள்ளிக்கூடம். நீங்க என்னையும் யாரையோ கொண்டுவந்து விட்டவன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. இல்ல. நானும் எழுத வந்தவன்தான்.

தாமதமா வரல. ஏழு மணிக்கே வந்துட்டேன். அப்ப வாசல்ல காக்காகூட இல்ல. இந்தா, இப்படித்தான், வெள்ளைச் சட்டை, உள்ள விட்டு பெல்ட்டு போட்டு. கையில ஃபைல். எட்டு மணிக்குக் கூட்டம் வர ஆரம்பிச்சுது. எல்லாம் சின்னப் பிள்ளைக. நான் கேட்டுப் பக்கத்துல நிக்கேன். ஒரு பிள்ளை வந்து, “சார், கைப்பையை எங்க வைக்கணும் சார்?” அப்படின்னு கேட்டுது.

என்னை இங்க வேலை பாக்க வந்த ஆளுன்னு நினைச்சிட்டுது. நான் ‘சார்’ இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். ஆனா பதில் எனக்குத் தெரியும்லா. “இடது பக்கம் ரூம் இருக்கும்மா, அங்க வச்சுட்டு டோக்கன் வாங்கிக்கோ. போனை அணைச்சு வை”ன்னேன். “தேங்க்யூ சார்”னுட்டுப் போச்சு. பின்னாலயே இன்னொருத்தன். “சார், நீல மை பேனா எடுத்துக்கலாமா?” “கருப்பு மட்டும்தான்ப்பா. இல்லையா? எதுத்த கடையில வாங்கிட்டு வா, ஓடு.” அப்புறம் வரிசையா கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஹால் எண் எங்க பாக்கணும், அடையாள அட்டை நகல் போதுமா, தண்ணி பாட்டில் விடுவாங்களா. எல்லாத்துக்கும் எனக்குப் பதில் தெரியும். ஒரு கேள்விக்குக்கூட தடுமாறல. வாட்ச்மேன்கூட எங்கிட்ட, “சார், இந்தப் பக்கம் ரெண்டு வரிசையா விடட்டுமா”ன்னு கேட்டாரு. விடுங்கன்னேன். ஒரு மணி நேரம். ஒரு ஐநூறு பேரு என்னைத் தாண்டி உள்ள போயிருப்பாங்க.

எட்டே முக்காலுக்குக் கூட்டம் கொறைஞ்சுது. நானும் போகலாம்னுதான் இருந்தேன். பையில ஹால் டிக்கெட்டைத் தொட்டுப் பாத்தேன். கேட்டுக்கும் எனக்கும் நாலு எட்டு. கால் நகரல அண்ணாச்சி. பயம்னு நினைக்காதீங்க. புவியியல் இன்னொரு தடவை திருப்பிப் பாக்கல. அரைகுறையா எழுதி முப்பது கேள்வி, நாப்பது கேள்வின்னு கொறைஞ்சா, பெறகு நான் யாரு? எழுதாட்டி ஒண்ணும் கொறையாது. இருந்த எடத்துல இருப்பேன். போன தடவையும் இந்த யோசனையிலதான் திரும்பிப் போனேன். வீட்ல பஸ்ஸு லேட்டுன்னு சொல்லியிருக்கேன்.

ஒம்பது மணிக்குக் கேட்டை மூடினாங்க. மூடி ரெண்டு நிமிஷம் இருக்கும், ஒரு பெண்ணு ஓடி வந்துச்சு. ஜவுளிக் கடை யூனிஃபார்ம் சேலை, எழுதி முடிச்சு நேரா டியூட்டிக்குப் போற மாதிரி. பஸ்ஸு வழியில நின்னுருச்சாம். வாட்ச்மேன் விடல. அவரைச் சொல்லிக் குத்தமில்ல, விதி அது. அந்தப் பெண்ணு என் பக்கம் திரும்பிச்சு. “சார், நீங்க சொல்லுங்க சார். ரெண்டு நிமிஷம்தான் சார்.” கையெடுத்துக் கும்பிடுது.

நான் சொன்னேன், “ஒம்பதுன்னா ஒம்பதும்மா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். அழாத. அடுத்த தடவை எழுதலாம்.”

அது முகத்தைத் துடைச்சுது. “எனக்கு அடுத்த தடவைன்னு ஒண்ணு கெடையாது சார். லீவு தர மாட்டாங்க. சரி, விடுங்க” அப்படின்னுது. ஹால் டிக்கெட்டைக் கிழிக்கல, குப்பைக் கூடையில போடல, மடிச்சுப் பைக்குள்ள வச்சுது. மணி பாத்துது. பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம்னு கேட்டுது. காட்டினேன். விறுவிறுன்னு போயிருச்சு. திரும்பிக்கூடப் பாக்கல.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிமானம் இல்ல அண்ணாச்சி. ஒரு தடவையிலே விட்டுட்டுப் போகுதுக பாருங்க.

ஆனா ஒண்ணு. அது அழுதுக்கிட்டு நிக்கும்போது, “நானும் வெளியதாம்மா நிக்கேன்”னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அது என்னை ‘சார்’னு கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சுல்லா.